நம்பர் தர மாட்டேன், ஆனா தகவல நானே கொண்டு போறேன்

"மேடம், அவங்க அப்பா ஐசியூல இருக்காரு, நம்பரக் குடுங்க, பேசிட்டு இருக்க நேரமில்ல."

என் வேலைல இத நான் ரெண்டு தடவ கேட்டிருக்கேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைங்க, நடுவுல நாலு வருஷம். முதல் தடவ நம்பரக் குடுத்துட்டேன், ரெண்டாவது தடவ குடுக்கல. முதல் தடவ அந்த ஆள் சொன்னது முழுப் பொய், ரெண்டாவது தடவ சொன்னது அவ்வளவும் உண்மை. இத யார்கிட்ட சொன்னாலும் "ஐயோ, ரெண்டு தடவையும் மாத்திப் பண்ணிட்டியே"ன்னுதான் சொல்றாங்க. முதல் தடவ பண்ணது தப்பு, அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. ரெண்டாவது தடவ பண்ணது தப்பில்லன்னு இன்னைக்கும் நம்பறேன், ஆனா அத இன்னும் நல்லா பண்ணியிருக்கலாம். ரொம்ப நாளா மனசுலயே கிடக்கு, அதான் இங்க எழுதறேன்.

அப்ப நான் ஒரு ஆபீஸ்ல ரிசப்ஷன்ல இருந்தேன், ஹெச்ஆர் பேப்பர் வேலையும் கொஞ்சம் பாத்துப்பேன். முதல் கால் மதியம் வந்துச்சு. எங்ககிட்ட வேலை பாத்துட்டு ஒரு ஆறு மாசம் முன்னாடி ரிசைன் பண்ணிட்டுப் போன ஒரு அக்காவ கேட்டாரு. அவங்க போகும்போது பழைய நம்பர மாத்திட்டாங்க, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் அனுப்பறதுக்காக புது நம்பர என்கிட்ட மட்டும் குடுத்துட்டுப் போயிருந்தாங்க. பேசினவரு சித்தப்பா பையன்னு சொன்னாரு. அக்காவ வீட்ல கூப்பிடற பேரு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அப்பா பேரு தெரிஞ்சிருந்துச்சு, அப்பாவுக்கு முன்னாடியே ஒரு தடவ நெஞ்சு வலி வந்தது கூட தெரிஞ்சிருந்துச்சு. "பழைய நம்பருக்கு அடிச்சா போகல, நீங்கதான் ஒரே வழி"ன்னாரு. எனக்கு கை நடுங்குச்சு. டைரியப் பொரட்டி நம்பரப் படிச்சேன், அவரு ஒவ்வொரு இலக்கமா திருப்பிச் சொல்லி சரி பாத்துக்கிட்டாரு, கடைசி நாலு இலக்கத்த மட்டும் ரெண்டு தடவ. அப்பா சாகக் கிடக்கறாருன்னு அதுவரைக்கும் தழுதழுத்த குரல், நம்பர எழுதிக்கும்போது மட்டும் அவ்ளோ நிதானமா இருந்துச்சு. அது அப்ப என் காதுல விழுந்துச்சு, ஆனா மண்டையில ஏறல.

அன்னைக்கு ராத்திரி ஒரு மெசேஜ். "என் புது நம்பர நீங்க யாருக்காவது குடுத்தீங்களா?" அவ்ளோதான். நான் எல்லாத்தையும் எழுதி, அப்பாவுக்கு எப்படி இருக்குன்னும் கேட்டு அனுப்பினேன். "அப்பா நல்லா இருக்காரு, பேசினது நான் விட்டுட்டு வந்த ஆளு"ன்னு ஒரே ஒரு வரி வந்துச்சு. அதுக்கப்புறம் நான் அனுப்பின மன்னிப்பு எதுக்கும் பதில் வரல. கொஞ்ச நாள்ல அந்த நம்பரே இல்லாம போச்சு. வீட்டையும் மாத்திட்டாங்கன்னு வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எத்தன நாள் தூங்காம இருந்திருப்பாங்க, ஒவ்வொரு தடவ போன் அடிக்கும்போதும் எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிச்சுப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.

பதறாத காரியம் சிதறாதுன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவதான் நான். ஆனா பதற வைக்கறதுதான் அந்த ஆளோட வேலையே, அது எனக்குத் தெரியல. 1973ல டார்லி, பேட்சன்னு ரெண்டு உளவியல்காரங்க பிரின்ஸ்டன்ல ஒரு சோதனை பண்ணாங்க. பாதிரியார் படிப்பு படிக்கற பசங்கள ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னாங்க, வழில ஒருத்தர் சுருண்டு கிடந்து இருமிட்டு இருப்பாரு. நேரம் இருக்கு மெதுவா போங்கன்னு அனுப்பின பசங்கள்ல 63 சதவீதம் பேரு நின்னு உதவி பண்ணாங்க, ஏற்கனவே லேட் ஆயிடுச்சு ஓடுங்கன்னு அனுப்பினவங்கள்ல 10 சதவீதம் பேருதான் நின்னாங்க. அதே படிப்பு படிக்கற பசங்கதான், அவசரம் மட்டும்தான் வித்தியாசம். இத எல்லாரும் உதவி பண்ற குணத்தப் பத்தி பேசறதுக்கு எடுத்துப்பாங்க, எனக்கு இதுல வேற ஒண்ணு தெரியுது. அவசரம் வந்துட்டா கண்ணுக்கு முன்னாடி கிடக்கற ஆளே மறைஞ்சு போறாரு, அப்ப லைன்லயே இல்லாத ஒரு ஆள் எங்க தெரியப்போறாங்க. போன்ல கத்தறவரு எனக்குத் தெரிஞ்சாரு, அந்த அக்கா அந்த ரெண்டு நிமிஷத்துல என் மனசுலயே இல்ல.

"ரெண்டு கேள்வி கேட்டு செக் பண்ணியிருக்கலாமே"ன்னு நெறைய பேரு கேட்டாங்க. கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? எல்லா கேள்விக்கும் அவரு பதில் சொல்லியிருப்பாரு. பிறந்த நாள், அம்மா பேரு, ஸ்கூல், எது கேட்டாலும். ஒரு ஆள் யார்கிட்ட இருந்து ஒளிஞ்சு வாழறாங்களோ அவங்களுக்குத்தான் அந்த ஆளப் பத்தி எல்லாமே தெரியும். ஒருத்தரப் பத்தி நெறைய தெரிஞ்சிருக்கறத அவங்ககிட்ட பேசறதுக்கான உரிமைன்னு நாம எடுத்துக்கறோம் பாருங்க, அங்கதான் ஏமாந்து போறோம். குரல வச்சும் ஒண்ணும் சொல்ல முடியாது. உண்மையிலேயே அப்பாவ ஐசியூல விட்டுட்டு வந்து நிக்கறவரு கோவப்படுவாரு, திட்டுவாரு, முன்னுக்குப் பின் முரணா பேசுவாரு. ஏமாத்த வந்தவரு தேன் மாதிரி பேசலாம். அழுகைய வச்சு எது உண்மை எது பொய்னு கண்டுபிடிக்கற திறமை எனக்கு இல்ல, ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற யாருக்கும் இருக்கும்னு எனக்குத் தோணல.

நம்பர்தானே, பிடிக்கலன்னா பிளாக் பண்ணிக்கலாமேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இப்பல்லாம் பேங்க்கு, மெயிலு, ஓடிபி, வாட்ஸ்அப் போட்டோ, பணம் அனுப்பற ஆப்ல வர்ற முழுப் பேரு, எல்லாம் அந்த ஒரு நம்பர்லதான் தொங்கிட்டு இருக்கு. ஒரு நம்பரத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கினா அத்தன இடத்துலயும் போய் மாத்தணும், வேலை குடுக்கறவங்களுக்குச் சொல்லணும், புள்ள படிக்கற ஸ்கூல்ல சொல்லணும், அப்படி சொல்ற ஒவ்வொரு இடத்துலயும் என்னை மாதிரி ஒருத்தி டைரிய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. வாயிலருந்து போன சொல்லும் வில்லுலருந்து போன அம்பும் திரும்பி வராது, நம்பரும் அப்படித்தான்.

இது சும்மா பயமுறுத்தறதுக்காக சொல்றது இல்ல. 1989ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ரெபெக்கா ஷேஃபர்னு 21 வயசு நடிகைய, பைத்தியம் மாதிரி பின்தொடர்ந்துட்டு இருந்த ஒரு ரசிகன் அவங்க வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னான். அட்ரஸ் அவன் கைக்கு எப்படி வந்துச்சு? ஒரு தனியார் துப்பறியும் ஆளுக்குப் பணம் குடுத்தான், அந்த ஆள் கலிஃபோர்னியா வண்டி லைசன்ஸ் ஆபீஸ் ரெக்கார்ட்ல இருந்து எடுத்துக் குடுத்துட்டாரு, அப்பல்லாம் அது அவ்ளோ சுலபம். அதுக்கப்புறம்தான் 1994ல அமெரிக்காவுல வண்டி ஓட்டறவங்க விவரத்த பாதுகாக்கறதுக்குன்னே தனிச் சட்டம் வந்துச்சு. 1999ல நியூ ஹாம்ப்ஷைர்ல இன்னொரு கொலை. ஒரு பொண்ணு எங்க வேலை பாக்கறாங்கன்னு ஒரு தகவல் விக்கற கம்பெனி மூலமா வாங்கி, அந்த ஆபீஸ் வாசல்லயே வச்சு கொன்னுட்டான் ஒருத்தன். அந்தத் தகவல எடுக்கறதுக்கு அவங்ககிட்டயே போன்ல பொய் சொல்லித்தான் பேசியிருக்காங்க. 2003ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், அடுத்தவங்க தகவல விக்கறவங்களுக்கு அந்த ஆளோட பாதுகாப்புல ஒரு பொறுப்பு இருக்குன்னு தீர்ப்பு குடுத்துச்சு. நான் எதையும் விக்கல, ஒரு பைசா வாங்கல. ஆனா அந்தத் தீர்ப்பப் பத்தி படிச்சப்ப எனக்கு அந்த மதியம்தான் ஞாபகம் வந்துச்சு.

அவசரம்னு சொன்னா பெரிய கம்பெனிங்களே தடுமாறுது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் ஆர்டர் வாங்க நேரமில்லன்னு போலீஸ் கேட்டா நெட் கம்பெனிங்க உடனே தகவல் குடுக்கறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, அவசரத் தகவல் கோரிக்கைன்னு சொல்வாங்க. 2021ல ஹேக்கருங்க போலீஸ் கேக்கற மாதிரியே போலிக் கோரிக்கை தயார் பண்ணி அனுப்ப, ஆப்பிளும் மெட்டாவும் ஆளுங்களோட அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் குடுத்துட்டாங்கன்னு 2022 மார்ச்ல செய்தி வந்துச்சு. அப்படி வாங்கின தகவல வச்சு ஆளுங்களத் தொந்தரவு பண்ணியிருக்காங்க, பணம் பறிக்கப் பாத்திருக்காங்க. அவ்ளோ வக்கீல்கள வச்சிருக்கற இடத்துலயே அவசரம்ங்கற வார்த்தை கதவத் திறந்துடுது.

இவ்ளோ சொல்லிட்டு, குடுக்காததால வந்த கஷ்டத்த மறைச்சா நான் நேர்மையா எழுதறவ ஆக மாட்டேன். 2007ல அமெரிக்காவுல கேன்சஸ்ல கெல்சி ஸ்மித்னு 18 வயசுப் பொண்ண ஒரு கடை பார்க்கிங்ல இருந்து கடத்திட்டுப் போயிட்டாங்க. அவங்க போன் எங்க இருக்குன்னு சொல்லச் சொல்லி குடும்பமும் போலீசும் கெஞ்சிட்டு இருந்தாங்க, போன் கம்பெனி அத தர்றதுக்கு நாலு நாள் ஆச்சு. குடுத்ததுக்கப்புறம் ஒரு மணி நேரத்துக்குள்ள உடல கண்டுபிடிச்சுட்டாங்க. முன்னாடியே குடுத்திருந்தா அந்தப் பொண்ணு பிழைச்சிருக்கும்னு நான் சொல்ல வரல, ஆனா அந்த அப்பா அம்மாவுக்கு அந்த நாலு நாள யாரு திருப்பிக் குடுப்பா? அவங்க விடாம அலைஞ்சு 2009ல கேன்சஸ்ல சட்டம் கொண்டு வந்தாங்க, அப்புறம் வேற பல மாநிலங்கள்லயும் வந்துச்சு. அவசரத்துல போலீஸ் கேட்டா போன் இருக்கற இடத்த கம்பெனி சொல்லியே ஆகணும்.

இதயும் என்னோட முதல் காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் எனக்கு ஒரு வித்தியாசம் பிடிபட்டுச்சு. ஆபத்து யாருக்கு? கெல்சி விஷயத்துல யாரோட தகவலோ அவங்க உயிருக்கேதான் ஆபத்து, அவங்ககிட்ட கேட்டு சம்மதம் வாங்க வழியே இல்ல, கேட்டது காப்பாத்த வேண்டிய இடத்துல இருக்கற போலீஸ். அங்க ரகசியம்னு உக்காந்திருக்கறது யார பாதுகாக்கறதுக்கு? என் விஷயத்துல ஆபத்துன்னு சொன்னது வேற யாருக்கோ, தகவல் அக்காவோடது, அக்கா நல்லா உயிரோட, ஒரு போன் கால் தூரத்துல இருந்தாங்க. அவங்கள நானே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஐரோப்பாவோட தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்லயும், இந்தியாவோட 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயும் உயிர் ஆபத்து, மருத்துவ அவசரத்துக்குன்னு ஒரு வழி வச்சுத்தான் இருக்காங்க, உயிர விட தரவு பெருசுன்னு எந்தச் சட்டமும் சொல்லல. ஆனா அந்த வழி காப்பாத்தறவங்க போறதுக்கு. போன்ல யாரு அழுதாலும் அவங்களுக்குத் திறந்துவிடணும்னு அதுக்கு அர்த்தம் இல்ல.

இப்ப ரெண்டாவது கால்.

சாயந்திரம், ஷிஃப்ட் மாறற நேரம். "அண்ணன் பேசறேன், அப்பா ஐசியூல, தங்கச்சி நம்பர் வேணும்"ன்னாரு. நான் பழசையெல்லாம் நெனச்சுக்கிட்டு உடனே கல்லாயிட்டேன். "சாரி சார், ஸ்டாஃப் நம்பர் குடுக்கறதுக்கில்ல"ன்னேன். அவரு கெஞ்சினாரு. "நீங்களே அவளுக்குப் போட்டு சொல்லுங்க, இந்த நம்பருக்குப் பேசச் சொல்லுங்க"ன்னாரு. நான் சரின்னு அவரு நம்பர எழுதி வாங்கினேன், ஆஸ்பத்திரி பேரு எழுதினேன். அந்தப் பொண்ணோட போனுக்கு அடிச்சேன், சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. திரும்ப அடிச்சேன். அப்புறம் ரிசப்ஷன்ல ரெண்டு பேரு வந்தாங்க, அவங்களப் பாத்தேன், இன்னொரு கால் எடுத்தேன், நடுவுல ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். இப்படியே நாப்பது நிமிஷம் போச்சு. அவங்க அதே கட்டடத்துல, ரெண்டு மாடி மேல, ஒரு மீட்டிங்ல இருந்தாங்க. படியேறிப் போய் கதவத் தட்டியிருந்தா மூணு நிமிஷம்.

கடைசில போய் சொன்னப்ப அவங்க பையக் கூட எடுக்காம ஓடினாங்க. அப்பாவ உயிரோட பாத்துட்டாங்க, ஆனா அவரு நெனவு தப்பினதுக்கு அப்புறம். அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வரைக்கும் அவரு பேசிட்டுத்தான் இருந்திருக்காரு, மக எங்கன்னு கேட்டுட்டு இருந்திருக்காரு. இத எனக்குச் சொன்னது அந்த அண்ணன், ரெண்டு நாள் கழிச்சு, நேர்ல வந்து. கத்தல. "நம்பர் குடுக்காதது கூட புரியுதுங்க, யார்னே தெரியாது எப்படி குடுப்பீங்க. போய் சொல்றேன்னு சொன்னீங்களே, அதனாலதான் நான் வேற யாருக்கும் அடிக்காம உங்க ஒருத்தர நம்பிட்டு நின்னேன்"ன்னாரு. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, ஒரு வார்த்தை வரல.

அன்னைக்குத்தான் எனக்கு முழுசா விளங்குச்சு. தர மாட்டேன்னு சொல்றதுல பாதி வேலைதான் முடியுது. வேற வழி எதுவும் இல்லாத ஒருத்தர்கிட்ட நான் கதவ மூடினா, அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நடக்க வேண்டியதெல்லாம் அந்த நிமிஷத்துல இருந்து என் பொறுப்பு. அவர்கிட்ட நம்பர் இருந்திருந்தா அவரு அடிச்சுட்டே இருந்திருப்பாரு, நூறு தடவ அடிச்சிருப்பாரு, தங்கச்சி போன் ஆன் பண்ணின உடனே ரிங் போயிருக்கும். அத நான் அவர்கிட்ட இருந்து வாங்கி வச்சுக்கிட்டேன்ல, அப்ப அந்த நூறு தடவையும் நான்தான் அடிச்சிருக்கணும். ரகசியம் காக்கறேன்னு சொல்லிட்டு சேர்ல உக்காந்திருக்கறவங்கள எனக்கு இப்பல்லாம் பிடிக்கறதில்ல. "எங்க பாலிசி இல்ல சார்"ன்னு போன வச்சுட்டு டீக்குப் போறவங்க செய்யறது தனியுரிமைக்காக இல்ல, அவங்க சௌகரியத்துக்காக.

இந்த விஷயத்துல உலகத்துலயே ரொம்ப அனுபவம் உள்ளவங்க யாருன்னு தேடினா செஞ்சிலுவைச் சங்கம்தான் வந்து நிக்குது. 1870ல ஃபிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை நடந்தப்பவே சுவிட்சர்லாந்துல பாசெல்ல ஆபீஸ் போட்டு பிரிஞ்சு போன ஆளுங்களப் பத்தின தகவல குடும்பங்களுக்குச் சேர்த்தவங்க, முதல் உலகப் போர்ல ஜெனீவாவுல எழுபது லட்சம் கார்டு எழுதி வச்சு ஆளத் தேடினவங்க. அவங்கள விட உண்மையான அவசரத்தப் பாத்தவங்க யாரும் இருக்க முடியாது. அவங்க இன்னைக்கும் என்ன பண்றாங்கன்னா, தேடின ஆள் கிடைச்சுட்டாலும் அந்த ஆளோட சம்மதம் இல்லாம அட்ரஸ தேடினவங்களுக்குக் குடுக்கறதில்ல. முதல்ல அவங்ககிட்ட போய், உங்கள இன்னார் தேடறாங்க, சொல்லலாமான்னு கேக்கறாங்க. பெத்த தாய் தேடினாலும் அப்படித்தான். முதல்ல படிச்சப்ப கொஞ்சம் கடுமையா தோணுச்சு. அப்புறம் யோசிச்சா, தேடறதுக்கு ஆளுங்கள அனுப்பறாங்க, எல்லை தாண்டிப் போறாங்க, லெட்டர கைல கொண்டு போய் குடுக்கறாங்க, நாப்பது நிமிஷம் ரிசப்ஷன்லயே உக்காந்திருக்கல. அந்த உழைப்பு பின்னாடி இருக்கறதாலதான் அவங்க முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு தகுதி இருக்கு.

அடி வாங்கி தப்பிச்சு வந்த பெண்களுக்கு அடைக்கலம் குடுக்கற இடங்கள்லயும் இதேதான் பழக்கம். "அப்படி ஒருத்தர் இங்க இருக்காங்களா இல்லையான்னு சொல்ல முடியாது, செய்திய சொல்லுங்க, ஒருவேளை அந்தப் பேர்ல யாராவது இருந்தா சேர்த்துடறோம்." பழகாத காதுக்கு இது சுத்தி வளைச்சுப் பேசற மாதிரி இருக்கும். ஆனா யோசிங்க, "அவங்க இன்னைக்கு லீவு", "இப்பதான் கெளம்பினாங்க", "நைட் ஷிஃப்ட்தானே அவங்க", இதெல்லாம் நாம தினமும் சொல்றதுதான், நம்பர விட இது மோசம், ஏன்னா எப்ப எந்த வாசல்ல நிக்கணும்னு இது சொல்லிக் குடுக்குது.

இந்த வழில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, கூப்பிடறவரு நல்லவரா கெட்டவரான்னு நான் தீர்ப்பு சொல்லத் தேவையே இல்ல. உண்மையா இருந்தா தகவல் போய்ச் சேருது. பொய்யா இருந்தா, "உங்கள ஒருத்தர் இப்படிப் பொய் சொல்லித் தேடறாரு"ங்கறது அந்த ஆளுக்கு உடனே தெரிய வேண்டிய சேதிதானே, அதுவும் ஒரு அவசரம்தானே. அன்னைக்கு நான் நம்பரக் குடுக்காம அக்காவுக்குப் போன் பண்ணியிருந்தா அவங்க அந்த ராத்திரி கதவப் பூட்டிக்கிட்டு யாரையாவது துணைக்குக் கூப்பிட்டிருப்பாங்க. கான்ட்னு ஒரு தத்துவ அறிஞர் 1797ல எழுதினாரு, கொலைகாரன் வாசல்ல வந்து நண்பன் உள்ள இருக்கானான்னு கேட்டா கூட பொய் சொல்லக் கூடாதுன்னு. இருநூறு வருஷத்துக்கு மேல அதுக்கு சண்டை போட்டுட்டு இருக்காங்க. ஆனா பதில் சொல்லியே ஆகணும், தப்பிக்க முடியாதுன்னு வச்சுக்கிட்டுத்தான் அவரு பேசறாரு. போன்ல அந்த நெருக்கடி நமக்கு இல்ல. பொய் சொல்ல வேண்டாம், உண்மையையும் எடுத்துக் குடுக்க வேண்டாம், "லைன்லயே இருங்க, நான் கேட்டுட்டு வரேன்"னு சொல்லலாம்.

இப்ப நான் பேசற விதம் மாறிப் போச்சு. முதல் வார்த்தை "முடியாது"ன்னு வராது. "உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, நான் இப்பவே எந்திரிச்சுப் போறேன், பத்து நிமிஷத்துல நானே உங்களக் கூப்பிட்டு கிடைச்சாங்களா இல்லையான்னு சொல்றேன், நீங்க வேற ஆளுங்களுக்கும் அடிச்சுட்டே இருங்க." கடைசி வரி அந்த அண்ணன் எனக்கு சொல்லிக் குடுத்தது. பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம், ஆள் கிடைக்கலன்னா அதயும் கூப்பிட்டு சொல்லிடுவேன். போலீஸ்னு சொல்லிட்டு யாராவது கேட்டா, அவங்க குடுக்கற நம்பருக்குக் கூப்பிடறது இல்ல, ஸ்டேஷனோட நம்பர நானே தேடி எடுத்து அதுக்கு அடிச்சு, இன்னார் இருக்காரான்னு கேட்டுட்டுத்தான் பேசுவேன். நெஜப் போலீஸ் யாரும் இதுக்குக் கோவிச்சுக்கிட்டது இல்ல. யாரோ தற்கொலை பண்ணிக்கப் போறாங்கன்னு ஒரு கால் வந்தா, அங்க நான் தூது போற வேலையெல்லாம் பாக்க மாட்டேன், எனக்குத் தெரிஞ்ச அட்ரஸ நேரா அவசர உதவி எண்ணுக்குச் சொல்லிடுவேன், கூப்பிட்டவருக்கு இல்ல.

வாட்ஸ்அப் குரூப்பப் பத்தி சொல்லாம விட முடியல. "அவசரம், இவங்க நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?"ன்னு ஒரு மெசேஜ் விழும், ஒரு நிமிஷத்துல மூணு பேரு போட்டுடுவாங்க, அதுல ஒருத்தர் கான்டாக்ட் கார்டாவே அனுப்பிடுவாரு, வீட்டு அட்ரஸோட. இருநூறு பேரு இருக்கற குரூப். எல்லாரும் நல்ல மனசோடதான் செய்யறாங்க, நானும் நல்ல மனசோடதான் டைரியப் பொரட்டினேன். 2021 கொரோனா ரெண்டாவது அலைல ஆக்சிஜனுக்கும் பிளாஸ்மாவுக்கும் அலைஞ்ச பொண்ணுங்க தங்களோட நம்பர போஸ்ட்ல போட்டாங்க, அது எங்கெங்கயோ ஃபார்வர்ட் ஆகி, உதவி கேட்ட நம்பருக்கு ஆபாசப் படமும் கண்ட நேரத்துல காலும் வந்துச்சுன்னு எத்தனையோ பேரு வெளிய வந்து சொன்னாங்க. அது நெஜமான அவசரம், நம்பரும் அவங்களே குடுத்தது, அப்பவே இந்த நிலைமை. குரூப்ல கேட்டவருக்கு "என்கிட்ட இருக்கு, நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன், உங்களக் கூப்பிடுவாங்க"ன்னு ஒரு பதில் போட எத்தன செகண்ட் ஆயிடும்?

எல்லாத்துக்கும் முன்னாடி பண்ணியிருக்க வேண்டிய வேலை ஒண்ணு இருந்துச்சு, அது கேக்கறது. எல்லா ஃபார்ம்லயும் எமர்ஜென்சி கான்டாக்ட்னு ஒரு கட்டம் இருக்கும், நமக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்னு. உங்கள அவசரமா தேடினா யாருக்கு உங்க நம்பரத் தரலாம்னு எந்த ஃபார்மும் கேக்கறது இல்ல. யாருக்கு, என்ன சொல்லி அழுதாலும், தரவே கூடாதுன்னும் கேக்கறது இல்ல. நான் மேனேஜர்கிட்ட ரெண்டு மாசம் நச்சரிச்சு அந்த ரெண்டு கேள்வியையும் எங்க ஃபார்ம்ல சேக்க வச்சேன். ரெண்டாவது கேள்விக்கு எழுதறத ஹெச்ஆர்ல ஒரு ஆள் மட்டும்தான் பாக்கலாம், பூட்டின டிராயர்லதான் இருக்கணும்னும் எழுதி வாங்கிக்கிட்டேன். முதல் தடவ இப்படி ஒரு இடத்துல எழுதி வைக்காம என் டைரிலயே வச்சிருந்தேன், அதுவே தப்பு.

புது ஃபார்ம எடுத்துட்டு முதல்ல நான் போனது அந்தப் பொண்ணுகிட்டதான், அப்பாவ இழந்தவங்ககிட்ட. காரியம் எல்லாம் முடிஞ்சு அவங்க வேலைக்குத் திரும்பி கொஞ்ச நாள் ஆகியிருந்துச்சு. என்மேல கோவம் இருக்கும்னு நெனச்சு பயந்துக்கிட்டேதான் நீட்டினேன். அவங்க ஒண்ணும் பேசாம வாங்கி, முதல் கட்டத்துல அண்ணன் பேரையும் நம்பரையும் எழுதினாங்க, அதுக்குக் கீழ அம்மா பேரு. ரெண்டாவது கேள்விய ரெண்டு தடவ படிச்சாங்க. சுத்திப் பாத்தாங்க. அப்புறம் அதுல ஒரு பேரு எழுதி, அத கையால மறைச்ச மாதிரியே ஃபார்ம மடிச்சு என் கைல குடுத்துட்டு, "அன்னைக்கு அண்ணன்னு சொல்லிப் பேசினது அண்ணன்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும், எனக்கே அது யாரோன்னு ஒரு நிமிஷம் பயமாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு சீட்டுக்குப் போயிட்டாங்க.